பீச்சில் இல்லாத பீச் மரம்

பெங்களூரில் இருக்கும் மகள், பேரனுக்காக ஒரு நாற்காலி அனுப்பியிருந்தாள். லீவுக்குக் கதிர்காமம் வரும்போது உட்கார்ந்து சாப்பிடுவதற்காம். (இலங்கைக் கதிர்காமம் இல்லை, பாண்டிச்சேரிக் கதிர்காமம். ‘முருகன் சௌக்கியமா?’ என்று விசாரிக்கும் வாசகர்களுக்காக இன்னொரு முறை சொல்லிவைக்கிறேன்.)

இந்தக் காலத்தில் நாற்காலி அனுப்பினால் நாற்காலி வருவதில்லை. தட்டையாக ஒரு அட்டைப்பெட்டி வருகிறது. உள்ளே சில மரத்துண்டுகள், ஒரு பொட்டலம் ஸ்க்ரூ, வளைந்த சாவி ஒன்று, எழுத்தே இல்லாமல் வெறும் படம் போட்ட ஒரு கையேடு. பெட்டியின் பக்கவாட்டில் ‘சாலிட் பீச்’ என்று அச்சடித்திருந்தது. மனைவி கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

“பீச்சுல ஏதுங்க மரம்?”

நியாயமான கேள்வி. இங்கிலீஷில் கடற்கரைக்கும் அந்த மரத்துக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பழம் ஒன்று இருக்கிறது, அதற்கும் கிட்டத்தட்ட அதே எழுத்துகள். தமிழில் எழுதினால் மூன்றும் ‘பீச்’ ஆகிவிடுகின்றன. எங்கள் பாண்டி பீச்சில் மரம் இருக்கட்டும், பெரும்பகுதிக்கு மணலே கிடையாது. கருங்கல்தான். தலைமைச் செயலகத்துக்கு எதிரே சில வருடங்களாகக் கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்க்கவே ஜனங்கள் பஸ் பிடித்து வருகிறார்கள்.

“பீச்சுல இருக்கறது சவுக்குதானே? சவுக்குல போயி நாற்காலி செஞ்சிருக்கானா? புள்ளைக்குக் குத்தாது?” என்றாள் மனைவி.

தெருமுனை ஆசாரியைக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்தில் முறுக்கி முடித்துவிட்டு, “ஸ்க்ரூ முறுக்கறதுக்கு ஆசாரி எதுக்கு சார்?” என்று காசு வாங்க மறுத்தார். பிறகு சீட்டுப் பலகையை விரலால் தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார்.

“வாசனையே இல்லியே சார். தேக்குக்கு ஒரு வாசனை, பலாவுக்கு ஒரு வாசனை. மரம்னா ஒரு வாசனை வேணாமா?”

ஆசாரி குறையாகச் சொன்னதுதான் அந்த மரத்தின் பெருமையே. ஐரோப்பிய பீச்சுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. இழை நெருக்கம், சிராய் கிளம்பாது. அதனால்தான் வெள்ளைக்காரர் வீட்டுக் கரண்டி, காய் நறுக்கும் பலகை, குழந்தை வாயில் வைத்துக் கடிக்கும் கிலுகிலுப்பை எல்லாம் பீச்சில் செய்கிறார்கள். அமெரிக்காவில் பட்வைசர் பீரைப் பக்குவப்படுத்தும் தொட்டிக்குள் பீச் மரச் சிராய்களைப் போடுகிறார்கள். ருசிக்காக இல்லை, ஈஸ்ட் ஒட்டிக்கொள்ள ஒரு இடம் வேண்டும் என்பதற்காக. மரத்தில் ஏதாவது ருசி மிச்சமிருந்துவிடப் போகிறதே என்று சோடா உப்புப் போட்டு வேக வேறு வைக்கிறார்களாம். (இந்த ஊர்வாசியாக இருந்துகொண்டு பீரைப் பற்றி ஒரு பாராவோடு நிறுத்திக்கொள்வது பெரிய தியாகம்.)

இன்னும் கேளுங்கள். ஆஸ்திரியாவில் லென்சிங் என்ற ஊரில் பீச் மரத்தைக் கூழாக்கி ‘மோடால்’ என்று நூல் இழுக்கிறார்கள். திருப்பூரில் அது பனியனாகவும் ஜட்டியாகவும் மாறுகிறது. மெத்தென்று இருக்கிறதே என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிப் போட்டிருக்கும் கனவான்களே, நீங்கள் உடுத்தியிருப்பது மரவுரிதான். ராமாயணத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் வழக்கொழிந்திருந்தது, அவ்வளவுதான்.

இத்தனை உபசாரம் பெறும் பீச், ஒரு காலத்தில் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் மிக்கேல் தோனெட் என்ற ஜெர்மன் தச்சர். மரத்தை ஆவியில் வேகவைத்து, வெளிப்பக்கம் இரும்புப் பட்டை ஒன்றைக் கட்டி வளைத்தால் விரியாமல் வளைகிறது என்று கண்டுபிடித்தார். 1859இல் அவர் கம்பெனி விட்ட 14ஆம் நம்பர் நாற்காலிக்கு மொத்தம் 6 மரத்துண்டுகள், 10 ஸ்க்ரூ, 2 நட்டு. பிரித்துப் போட்டால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலி அடங்கும். 1930க்குள் 5 கோடி நாற்காலி விற்றார்கள். பம்பாய் இரானி ஓட்டல்களில் வளைந்த முதுகோடு கறுப்பாக நாற்காலி பார்த்திருப்பீர்கள். அந்த வம்சம்தான். ஆக, ஆசாரியின் கூலிக்கு வேட்டு வைக்கும் வேலை நேற்று ஆரம்பித்ததில்லை.

பெட்டியின் இன்னொரு பக்கம் ஒரு பச்சை இலை முத்திரை. புதுப்பிக்கத்தக்க காட்டிலிருந்து வந்த மரம் என்று அர்த்தம். வெட்டினால் மறுபடி வளரும், குற்ற உணர்ச்சி இல்லாமல் உட்காரலாம். இந்தக் கணக்கை முதலில் புத்தகத்தில் எழுதி வைத்தவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் என்ற சாக்சனி நாட்டுச் சுரங்க அதிகாரி. வருடம் 1713. வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகு தீர்ந்துகொண்டே வந்தது. ‘வளர்வதற்கு மேல் வெட்டாதே’ என்பதுதான் அவர் யோசனையின் சாரம். இன்றைக்கு ஐக்கிய நாடுகள் சபை முதல் ஷாம்பு விளம்பரம் வரை எல்லோரும் சொல்லும் ‘நீடித்த பயன்பாடு’ ஒரு விறகுப் பஞ்சத்தில் பிறந்தது. மரத்தின் மேல் உள்ள காதலால் இல்லை.

ஆனால் பீச்சை வெட்டப் பதமாவதற்கு நூறு வருடத்துக்கு மேல் ஆகும். நட்டவனின் கொள்ளுப்பேரன்தான் வெட்டுவான். போதாக்குறைக்கு 2018இல் தொடங்கிய வறட்சிக் கோடைகளில் ஜெர்மனியில் நின்ற நிலையில் பட்டுப்போன பீச் மரங்கள் ஏராளம். ஈரம் குறைந்தால் அது தாங்காது. அறுத்த பிறகு ஈரம் கூடினாலும் தாங்காது. வெளியில் மழையில் போட்டால் சில வருடங்களில் மக்கிவிடும்.

“கறையானுக்கு அல்வா சார் இது. தரையில வைக்காதீங்க” என்று ஆசாரி நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் குல்லாய் மாட்டிவிட்டுப் போனார். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் வந்து, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, வீட்டு ஹாலில் மிதித்துக்கொண்டு நடந்தவர்களுக்கு அவர் கவலை புரியும்.

எதிர்வீட்டுச் சொல்தா தாத்தா வந்து நாற்காலியைப் பார்த்தார். (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மாதம் பிறந்தால் யூரோவில் பென்ஷன்.)

“இது எத்ர், முசே” என்றார்.

“‘எத்ர்’னா ‘இருத்தல்’ இல்லீங்களா?”

“அதுவும் எத்ர்தான், இதுவும் எத்ர்தான். எழுதறது வேற, சத்தம் ஒண்ணு.”

இங்கிலீஷ்காரனுக்கு மரமும் கடற்கரையும் ஒன்று, பிரெஞ்சுக்காரனுக்கு மரமும் இருப்பும் ஒன்று. எல்லா பாஷையிலும் இந்த மரம் ஏதாவது குழப்பம் பண்ணாமல் இருப்பதில்லை. ஜெர்மன் பாஷையில் இதன் பெயரும் புத்தகத்தின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று பல மொழி ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நாம் ‘ஏடு’ என்று சொல்லி ஓலையை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல.

சரி, நம் ஊரில் பீச் என்று ஏதாவது உண்டா என்று தாவரவியல் புத்தகங்களைப் புரட்டினால், ‘இந்தியன் பீச்’ என்று போட்டிருக்கிறது. ஆவலோடு படித்தால் நம்ம புங்கமரம்! இலையின் பளபளப்பைப் பார்த்து எந்த வெள்ளைக்காரத் துரைக்கோ சொந்த ஊர் ஞாபகம் வந்திருக்கும். உறவுமுறை ஒன்றும் கிடையாது. புங்கன் அவரை, துவரைக்குப் பங்காளி. அதன் விதையில் எண்ணெய் எடுத்து விளக்கெரிக்கலாம், டீசல் எஞ்சின்கூட ஓட்டலாம், புண்ணாக்கை வயலுக்குப் போடலாம். நிழலுக்கு அதை மிஞ்ச ஆள் கிடையாது. திருப்புன்கூரில் தல விருட்சமே அதுதான். நந்தனாருக்காக நந்தி விலகிய ஊர். நந்தனார் அங்கே வெயிலில் நின்றிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் புங்க மரக்கட்டை? பூச்சி சீக்கிரம் அரித்துவிடும். நாற்காலி செய்ய முயன்றால் உட்காருபவரோடு சேர்த்து அதையும் எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

அப்படியானால் அங்கே பீச் செய்யும் வேலையை இங்கே யார் செய்வது? கூழாகி, காகிதமாகி, அடுப்பெரித்து, மறுபடி மறுபடி நட்டு வெட்டப்படும் மரம் எது? மனைவி கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலேயே சொன்ன பதில்தான். சவுக்கு.

சவுக்கும் நம் ஊர் மரமில்லை. ஆஸ்திரேலியா, தென்கிழக்கு ஆசியத் தீவுகள் பக்கத்திலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணக் கடலோரம் முழுக்க நட்டார்கள். சென்னைப் பட்டணத்து அடுப்புக்கும் ரயில் எஞ்சினுக்கும் விறகு வேண்டியிருந்தது. இங்கேயும் விறகுப் பஞ்சம்தான் பிரசவம் பார்த்திருக்கிறது. சொல்தா தாத்தா ரெயூனியன் தீவில் வேலை பார்த்தபோது அங்கே கடற்கரை நெடுக இதே மரமாம். ‘ஃபிலாவோ’ என்பார்களாம். இங்கிலீஷில் இதற்குப் பல பெயர். அதில் ஒன்று ‘பீஃப்வுட்’. அறுத்தால் உள்ளே மாட்டிறைச்சி நிறம் என்பதால். பீச்வுட்டில் ஆரம்பித்து பீஃப்வுட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் பாருங்கள்.

சவுக்குத் தோப்பில் ஓடியாடிய பிள்ளைகளுக்குத் தெரியும், அதன் ஊசி இலையை ஒரு கணுவில் பிய்த்து மறுபடி பொருத்திவிட்டு ‘எங்கே ஒட்டியிருக்கு, சொல்லு’ என்று கேட்கும் விளையாட்டு. உண்மையில் அது இலையே இல்லை, பச்சையான குச்சி. நிஜமான இலை கணுவைச் சுற்றிப் பல் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கிறது. தண்ணீரை வீணாக்காத கஞ்ச மரம். அவரைக் குடும்பமாக இல்லாமலேயே, வேரில் ‘ஃபிராங்கியா’ என்ற நுண்ணுயிரைக் குடிவைத்துக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக்கொள்ளும். வெறும் மணலில் போட்டாலும் மூன்று, நான்கு வருடத்தில் வெட்டிவிடலாம். பீச்சுக்கு நூறு என்றேனே, இதற்கு நாலு. ஒரு பீச் மரம் பதமாவதற்குள் இருபத்தைந்து தடவை சவுக்கு வெட்டிவிடலாம்.

அப்படி வெட்டியதில் எதுவும் வீணாகாது. நேரான கழி சாரத்துக்கும் சென்டரிங் முட்டுக்கும் பந்தல் காலுக்கும். எங்கள் பக்கம் மருத்துவக் கல்லூரி வந்த சமயத்தில் சுற்றிலும் எழும்பிய மாடிகளெல்லாம் முதலில் சவுக்கு மரமாகத்தான் வளர்ந்தன, பிறகுதான் கட்டடம் தெரிந்தது. தோல் உரித்த கட்டை காகித ஆலைக்கு. வேர்க்கட்டை விறகுக்கு, மிளாறு வேலிக்கும் அடுப்புக்கும், உதிர்ந்த சருகைக்கூடப் பெண்கள் கூட்டி அள்ளிப்போய் எரிப்பார்கள். கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையோடு சவுக்கையும் தைலமரத்தையும் கூழாக்குகிறது. உங்கள் பையன் கிழித்து ராக்கெட் விடும் நோட்டில் நம் கடற்கரை கொஞ்சம் இருக்கலாம். அரசியல் தலைவர் வந்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் தடுப்பு எதில் கட்டுகிறார்கள்? கட்சிகள் மாறியிருக்கின்றன, கூட்டணிகள் மாறியிருக்கின்றன, சவுக்குக் கட்டை மாறவில்லை.

நாற்காலிக்கு மட்டும் ஆகாது. காயும்போது வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். “ரம்பம் பல்லு போயிரும் சார்” என்கிறார் ஆசாரி. ஒரு தோனெட் இதற்கும் பிறந்திருந்தால் என்று தோன்றும். கோயம்புத்தூரில் 1988 முதல் இருக்கும் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் சவுக்கில் வேகமாக வளரும் ரகங்களும், காற்றுத் தடுப்புக்கென்று தனி ரகங்களும் உண்டாக்கியிருக்கிறது. அது கூழுக்கும் கழிக்கும். வெடிக்காமல் காயவைத்து ஒரு முக்காலியாவது செய்து பார்ப்போம் என்று கிளம்பினவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

சவுக்கைப் பற்றி நல்லதாக மட்டும் சொல்வது சரியில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு, கடலூர் மாவட்டக் கரையில் சதுப்பு நிலக்காடும் சவுக்குத் தோப்பும் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. மரத்தைவிட ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமும்தான் முக்கியம் என்று வாதாடியவர்களும் உண்டு. ஆனால் உற்சாகத்தில் கண்ட இடத்தில் எல்லாம் கன்று நட்டார்கள். மணல்மேட்டின் மேல், அலை தொடும் தூரத்தில், பங்குனி ஆமை முட்டையிட வரும் இடத்தில். ஆமைக்கு வேண்டியது வெட்டவெளி மணல். தோப்புக்குள் அது என்ன, பிக்னிக்கா வருகிறது? கரையில் இயற்கையாக இருக்கும் மணல்மேடே நல்ல அரண். அதன் மேல் அடர்த்தியாக ஒரே மரத்தை நடுவது அரணைக் கெடுத்து வேலி போடுவது. சவுக்கின் இடம் மேட்டுக்கு உள்பக்கம், பட்டா நிலம்.

அந்தப் பட்டா நிலத்தில்தான் இப்போது விவகாரம். மரக்காணம் பக்கம் என் மனைவியின் தம்பிக்கு மூன்று ஏக்கர் மணல் பூமி இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து சவுக்குதான். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயலில் முக்கால்வாசி படுத்துவிட்டது. விழுந்த மரத்துக்கு வியாபாரி வைத்ததுதான் விலை. மறுபடி நட்டான், வெட்டினான். போன மாதம் அடுத்த வெட்டு முடிந்தது. நாட்டுச் சவுக்கு கரும்பு மாதிரி மறுதாம்பு விடாது. ஒவ்வொரு தடவையும் புதிதாக நடணும். ஏக்கருக்கு 4,000 கன்று. அதனால் நாலு வருடத்துக்கு ஒருமுறை, நிலம் மொட்டையாக நிற்கும்போது, ‘மறுபடி நடுவதா, விற்பதா?’ என்ற கேள்வி அவன் முன்னால் வந்து குந்திக்கொள்கிறது. அந்த நேரம் பார்த்து புரோக்கரும் வந்து பக்கத்தில் குந்துகிறார்.

“நாலு வருசம் கழிச்சு டன் என்ன வெல போகும்னு நீங்க எழுதிக் குடுங்க மாமா, நான் நடறேன்” என்றான்.

“அதை யாருடா எழுதித் தருவா?”

“பிளாட்டுக்காரன் இன்னிக்கே எழுதித் தர்றானே!”

இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்காலிப் பெட்டியில் இருந்த பச்சை இலையைப் பற்றிச் சொன்னேன். வெள்ளைக்காரர்கள் காட்டைக் கணக்குப் போட்டு, முத்திரை குத்தி, அந்த முத்திரைக்கும் சேர்த்து விலை வாங்குகிறார்கள், இங்கேயும் சில காகித ஆலைகள் விவசாயிகளைச் சேர்த்துவைத்து அப்படிச் சான்றிதழ் எடுக்கின்றன என்றேன். பொறுமையாகக் கேட்டான்.

“நாங்க நாலு தலைமொறையா வெட்டி வெட்டி நட்டுக்கிட்டுதான் இருக்கோம். எங்களுக்கு யாரும் இலை படம் போடலியே. கட்டடத்துல இரும்புச் சாரம் வந்தாச்சு. ஆலைக்காரன் வாங்கினாத்தான் உண்டு. அவன் வாங்காத வருசம் என்ன பண்றது?”

கூட இருந்த அவன் மனைவி வேறொரு கணக்கு வைத்திருந்தாள். சவுக்கு வைத்தால் முதல் வருடம் தண்ணீர் காட்டினால் போதும், பிறகு கூலி ஆள் செலவு இல்லை. இவர்களுக்கு லாபம். ஆனால் களை எடுக்க, நடவு நட வரும் பெண்களுக்கு அந்த நிலத்தில் நாலு வருடம் வேலை இல்லை. “சவுக்கு வெச்சா அவங்க நம்ம பக்கமே திரும்ப மாட்டாங்க. பிளாட்டு போட்டா எப்பவுமே திரும்ப வேணாம்” என்றாள். அந்த வீட்டில் யோசிக்கிறவள் அவள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேல்பக்கம் ஒன்றரை ஏக்கரில் கன்று நட்டுத் தண்ணீர் விட்டிருக்கிறான். முழங்கால் உயரம்கூட இல்லை, காற்றில் அதற்குள் ஆடுகிறது. ரோட்டோர ஒன்றரை ஏக்கரில் மஞ்சள் பெயின்ட் அடித்த கல் வரிசையாக நட்டு, கல்லுக்குக் கல் கயிறு கட்டியிருக்கிறார்கள். மூலைக்கு ஒரு கட்டை அடித்து அதில் கலர் கொடி பறக்கிறது. கட்டையைத் தட்டிப் பார்த்தேன். சவுக்கு.